பழைய வேன் எம்ஓடியில் தேறுமா? பிரிட்டனில் முதல் வேன் வாங்குபவர்களுக்கு

எங்கள் வேன் முதல் தடவை எம்ஓடியில், அதாவது பிரிட்டனில் ஆண்டுதோறும் கட்டாயமான வாகனச் சோதனையில், தோற்றதற்குக் காரணம் ஒரு பல்பு. பின்பக்க நம்பர் பிளேட்டுக்கு மேலே சுண்டுவிரல் நகம் அளவில் ஒரு விளக்கு இருக்குமே, அதுதான். அதற்கு முந்தைய வாரம் முழுக்க நான் எஞ்சினைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். ஆயில் மாற்றினேன், பெல்ட் கீச்சிடுகிறதா என்று காலையில் காது கொடுத்துக் கேட்டேன், கிளட்ச் கனமாக இருப்பதை நினைத்துத் தூக்கம் கெட்டது. எஞ்சின், கிளட்ச், கியர்பாக்ஸ் எந்த நிலையில் இருக்கின்றன என்பது எம்ஓடி சோதனையிலேயே சேராது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

லண்டனிலும் சுற்றுவட்டாரத்திலும் மளிகைக் கடை, சமையல் ஆர்டர், திருமண மேடை அலங்காரம் என்று தொழில் தொடங்கும் நம்மவர்கள் பலர் முதலில் வாங்குவது ஒரு பழைய வேனைத்தான். வாங்குவதற்கு முன் கேட்பதும் ஒரே கேள்விதான்: "12 வருட வேன், எம்ஓடி பாஸ் ஆகுமா?" வயதை மட்டும் சொன்னால் யாராலும் பதில் சொல்ல முடியாது. அதை வைத்திருந்தவர் ஒவ்வொரு வருடமும் சோதனைக்காரர் சொன்னதைச் செய்தாரா, செய்யாமல் விட்டாரா என்று தெரிந்தால் ஓரளவு நம்பிக்கையாகச் சொல்லிவிடலாம். அது எழுத்தில் இருக்கிறது, இலவசமாகவும் கிடைக்கிறது. படிக்கத்தான் தெரிய வேண்டும்.

எம்ஓடி என்பது 'மினிஸ்ட்ரி ஆஃப் டிரான்ஸ்போர்ட்' என்ற பழைய அமைச்சகப் பெயரின் சுருக்கம். 1960இல் இந்தச் சோதனை தொடங்கியபோது 10 வயதைத் தாண்டிய வண்டிகளுக்கு பிரேக், ஸ்டியரிங், விளக்கு ஆகியவற்றை மட்டும் பார்த்தார்கள். அமைச்சகத்தின் பெயர் மாறிவிட்டது. சோதனையின் பெயர் நிலைத்துவிட்டது. இன்று 3 வயதான கார்களும் வேன்களும் ஆண்டுதோறும் இதில் தேற வேண்டும். வட அயர்லாந்தில் கார்களுக்கு 4 வயது. ஊரில் எஃப்சி காட்டப் போகும்போது வேனுக்குப் பெயின்ட் அடித்து, எழுத்துகளைப் புதுப்பித்து, கல்யாண மாப்பிள்ளை போல ஆர்டிஓ மைதானத்துக்கு ஓட்டிப் போவார்கள். இங்கே பெயின்டின் அழகுக்கு மதிப்பெண் கிடையாது. சோதிப்பதும் அரசு அலுவலகம் இல்லை. நீலப் பலகையில் மூன்று வெள்ளை முக்கோணங்கள் தொங்கும் கராஜ் எதுவானாலும் சோதிக்கலாம். டிவிஎஸ்ஏ என்ற அரசு அமைப்பு அவர்களை மேற்பார்வையிடுகிறது. வட அயர்லாந்தில் மட்டும் அரசு மையங்களிலேயே சோதனை நடக்கிறது.

முதலில் எடைத் தகட்டைப் பாருங்கள்

ஓட்டுநர் கதவுத் தூணிலோ பானெட்டுக்கு அடியிலோ ஒரு சிறு தகடு இருக்கும். சாசி எண்ணுக்குக் கீழே கிலோவில் சில எண்கள் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். அவற்றில் முதலில் இருப்பது வண்டியும் சரக்கும் சேர்ந்து இருக்கக்கூடிய அதிகபட்ச எடை. அது 3,000 கிலோ வரை இருந்தால் உங்கள் வேன் கிளாஸ் 4, அதாவது கார்களோடு ஒரே வகுப்பு. 3,000க்கு மேல் 3,500 வரை என்றால் கிளாஸ் 7. அதற்கும் மேலே போனால் லாரிகளுக்கான தனிச் சோதனை. அந்தக் கதையை இங்கே தொடவில்லை.

இதை எதற்காக முதலில் சொல்கிறேன் என்றால், பக்கத்துத் தெரு கராஜ்கள் பலவற்றில் கிளாஸ் 4 மட்டும்தான் உண்டு. ஒரே மாதிரித் தோற்றமுள்ள இரண்டு வேன்களில் ஒன்று 2,800 கிலோவாகவும் மற்றது 3,200 கிலோவாகவும் இருக்கும். எண்ணைப் பார்க்காமல் கிளாஸ் 4க்குப் பதிவு செய்துவிட்டுப் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். கட்டணத்துக்கு அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது: கிளாஸ் 4க்கு 54.85 பவுண்டு, கிளாஸ் 7க்கு 58.60 பவுண்டு. இதைவிடக் குறைவாக வாங்கும் கராஜ்கள் நிறைய உண்டு. கோயில் அல்லது தமிழ்ப் பள்ளிக்காக 13 முதல் 16 பேர் உட்காரும் மினி பஸ் வாங்குகிறவர்கள் கவனிக்க: அது கிளாஸ் 5, அதற்கான கராஜைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

பிறகு பழைய கணக்கைப் படியுங்கள்

வேனுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. பிரிட்டன் அரசின் இணையதளத்தில் எம்ஓடி வரலாறு என்ற பக்கத்துக்குப் போய் வண்டியின் நம்பரைக் கொடுங்கள். 2005 முதல் அந்த வண்டி எழுதிய தேர்வு ஒவ்வொன்றும் வரும்: தேதி, ஓடிய மைல், தேர்ச்சியா தோல்வியா, தோல்வி என்றால் எதனால், தேர்ச்சி என்றாலும் என்ன எச்சரிக்கை. அந்த எச்சரிக்கைக்கு 'அட்வைசரி' என்று பெயர். 'இப்போது தோற்கடிக்கும் அளவுக்கு இல்லை, ஆனால் கண் வைத்துக்கொள்' என்பது அதன் பொருள்.

புதிதாக வாங்குபவர்கள் தோல்விகளை எண்ணுகிறார்கள். ஆறு வருடத்தில் மூன்று தோல்வி என்றால் மோசமான வேன், ஒன்றுகூட இல்லை என்றால் நல்ல வேன். நானும் அப்படித்தான் எண்ணினேன். அப்போது என் முன் இரண்டு வேன்கள் இருந்தன. முதல் வேன் ஆறு வருடமும் முதல் முயற்சியிலேயே தேறியிருந்தது. ஆனால் நான்கு வருடமாக ஒரே அட்வைசரி: பின்பக்க பிரேக் பைப்பில் லேசான துரு. அடுத்த வருடமும் அதே வரி. அதற்கடுத்த வருடம் 'லேசான' என்ற சொல் மட்டும் காணாமல் போயிருந்தது. இரண்டாவது வேன் மூன்று முறை தோற்றிருந்தது: ஒரு தடவை பல்பும் வைப்பரும், ஒரு தடவை முன் ஸ்பிரிங் உடைந்து, ஒரு தடவை ஹேண்ட் பிரேக் கேபிள். மூன்று தடவையும் இரண்டே நாளில் மறுசோதனையில் தேறியிருந்தது. ஒரு முறை எழுதப்பட்ட குறை அடுத்த வருடம் திரும்ப வரவில்லை.

நான் இரண்டாவதை வாங்கினேன். அதை வைத்திருந்தவர் சொன்னதைச் செய்கிறவர். முதலாவதை வைத்திருந்தவர் நான்கு வருடம் அதே வரியைப் படித்துவிட்டுக் காகிதத்தை மடித்து வைத்தவர். அந்த பிரேக் பைப் கடைசியில் யார் காசில் மாற்றப்படும் என்று யோசித்துப் பார்த்தேன்.

கணக்கைப் படிக்கும்போது இன்னும் சிலவற்றையும் பாருங்கள். மைல் குறைந்திருந்தால் மீட்டரில் கை வைத்திருக்கிறார்கள். சில சமயம் சோதனைக்காரர் தவறாகப் பதிந்ததாகவும் இருக்கலாம், அடுத்த வருட எண்ணோடு ஒப்பிட்டால் புரிந்துவிடும். வருடத்துக்கு 25,000 மைல் ஓடிய வேன் திடீரென்று 800 மைல் மட்டும் ஓடியிருந்தால் அது எங்கோ புல்லில் நின்றிருக்கிறது. அப்படி நின்ற வேனில் பிரேக் இறுகியிருக்கும், துரு ஏறியிருக்கும். எனக்கு ஓடிய வேன் மேல்தான் நம்பிக்கை. 2020இல் இடைவெளி தெரிந்தால் மட்டும் பயப்பட வேண்டாம். கொரோனா காலத்தில் மார்ச் 30க்கும் ஜூலை 31க்கும் இடையில் முடிய வேண்டிய எம்ஓடிகளுக்கு அரசே ஆறு மாதம் நீட்டிப்பு கொடுத்தது. எந்த கராஜில் சோதித்தார்கள் என்று பார்க்க லாக் புக்கிலுள்ள (வண்டியின் பதிவுச் சான்று) 11 இலக்க எண் வேண்டும். விற்பவரிடம் லாக் புக்கைக் காட்டச் சொல்வதற்கு இது நல்ல சாக்கு.

லண்டன்காரர்களுக்கு ஒரு வார்த்தை. எம்ஓடியில் தேறுவதும் லண்டனுக்குள் கட்டணமில்லாமல் ஓட்டுவதும் வேறு வேறு. 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டனின் எல்லாப் பகுதிகளிலும் யூலெஸ், அதாவது மாசு அதிகம் கக்கும் வண்டிகளுக்கான தினசரிக் கட்டணம், நடைமுறையில் இருக்கிறது. யூரோ 6 என்ற புகை மாசுத் தரத்தை எட்டாத டீசல் வேனை ஓட்டும் ஒவ்வொரு நாளுக்கும் 12.50 பவுண்டு. எம்ஓடியில் பளிச்சென்று தேறும் 2010 டீசல் வேன் மலிவாகக் கிடைப்பதன் ரகசியம் பெரும்பாலும் இதுதான்.

முந்தைய வாரம், வீட்டு வாசலில்

கிளாஸ் 4இல் ஏறத்தாழ பத்தில் மூன்று வண்டிகள் முதல் முயற்சியில் தோற்கின்றன. கிளாஸ் 7இல் அது இன்னும் அதிகம். பாரம் சுமக்கும் வண்டி அப்படித்தான் தேயும். தோல்விக்கான காரணங்களில் முன்னணியில் இருப்பவை விளக்கு, சஸ்பென்ஷன், பிரேக், டயர், ஓட்டுநரின் பார்வை. இவற்றில் பாதியை அரை மணி நேரத்தில் நீங்களே பார்த்துவிடலாம். இருட்டிய பிறகு பாருங்கள். பிரேக் விளக்கைத் தனியாகப் பார்க்க முடியாதே என்றால், ஏதாவது கடையின் கண்ணாடிக்கு முதுகு காட்டி வேனை நிறுத்தி மிதியை அழுத்துங்கள். கண்ணாடியில் சிவப்பு தெரியும். பின்பக்கப் பனி விளக்கையும் நம்பர் பிளேட் விளக்கையும் மறக்காதீர்கள். நான் மறந்தேன்.

டயர் பட்டன் ஆழம் நடுவிலுள்ள முக்கால் பங்கு அகலத்தில், சுற்றிலும், 1.6 மி.மீட்டருக்குக் குறையக் கூடாது. 20 பென்ஸ் காசைப் பள்ளத்தில் செருகுங்கள். காசின் விளிம்புப் பட்டை மறைந்தால் நல்லது. வெளியே தெரிந்தால் டயர் மொட்டையாகிக்கொண்டிருக்கிறது. வெளிப்பக்கம் மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பினால் முன் டயரின் உள் விளிம்பு தெரியும். பழைய வேன்களில் சீரமைப்பு விலகி அந்த விளிம்புதான் முதலில் தேய்ந்து கம்பி எட்டிப் பார்க்கும்.

முன் கண்ணாடியில் ஸ்டியரிங்குக்கு நேரே 290 மி.மீ. அகலப் பட்டைக்குள் 10 மி.மீட்டருக்கு மேல் சேதம் இருந்தால் தோல்வி. வைப்பர் துடைக்கும் மற்ற இடங்களில் 40 மி.மீ. வரை விடுவார்கள். தொலைபேசி தாங்கி, ஸ்டிக்கர், கண்ணாடியில் தொங்கும் மாலை ஆகியவை பார்வையை மறைத்தால் குறையாக எழுதலாம். பிள்ளையாரை டேஷ்போர்டின் ஓரமாக உட்கார வையுங்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். வைப்பர் தண்ணீர்த் தொட்டியை நிரப்புங்கள். தண்ணீர் பீய்ச்சவில்லை என்று தோற்ற வண்டியை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஹார்ன் அடியுங்கள். சீட் பெல்ட்டை முழுக்க இழுத்து அறுபட்ட இழை இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். முன் கதவு இரண்டும் உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் திறக்க வேண்டும். பொருள் இறக்கும் வேன்களில் பயணி பக்கக் கைப்பிடிதான் முதலில் உயிரை விடும்.

இனி டேஷ்போர்டு. சாவியைத் திருப்பியதும் எச்சரிக்கை விளக்குகள் எரிந்து, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். ஏபிஎஸ், ஏர்பேக் விளக்குகள் அணையாமல் நின்றால் தோல்வி. 2008 ஜூலை 1க்குப் பிறகு சாலைக்கு வந்த டீசல் வண்டிகளில் எஞ்சின் விளக்கு எரிந்தாலும் தோல்வி. பல்பைக் கழற்றிவிட்டால் போயிற்று என்று சொல்லிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். எரிய வேண்டிய நேரத்தில் எரியாததையும் சோதனைக்காரர் பார்ப்பார்.

டீசல் வேனுக்குத் தனி வைத்தியம் ஒன்று உண்டு. கடைக்கும் மொத்த வியாபாரிக்கும் இடையில் இரண்டு மைல் மட்டுமே ஓடும் வேனின் புகை வடிகட்டி அடைத்துக்கொள்ளும். சோதனைக்கு முன் அரை மணி நேரமாவது நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓட்டுங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போதே கராஜுக்குள் நுழையுங்கள். வடிகட்டியே இல்லாமல் வெறும் குழாய் போட்டு விற்கும் வேன்களும் சந்தையில் இருக்கின்றன. தயாரிப்பிலேயே அந்த வடிகட்டி இருந்த வண்டியில் அது காணாமல் போயிருந்தால் 2014 முதல் தோல்வி.

துரு

பழைய வேனை உண்மையில் தோற்கடிப்பது இதுதான். குளிர்காலம் முழுக்க சாலையில் உப்புத் தூவுகிறார்கள். சக்கரம் வாரி இறைக்கும் அந்த உப்பு நீர் கதவுக்கு அடியிலுள்ள இரும்புப் பெட்டிக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்கிறது. வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது.

எங்கள் வேன் மூன்றாவது வருடம் ராம்ப்பில் ஏறியிருந்தபோது மெக்கானிக் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். கதவுக்குக் கீழே கன்னங்கரேலென்று தார்ப்பூச்சு அடித்து மொழுமொழுவென்று இருந்தது. முன்பு வைத்திருந்தவர் நன்றாகத்தான் பராமரித்திருக்கிறார் என்று நான் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. "இங்கே கட்டைவிரலை வை தம்பி" என்றார். வைத்து அழுத்தினேன். பூச்சு முதலில் ரப்பர் போல உள்ளே போனது, பிறகு வறுத்த அப்பளம் போல ஒரு சத்தம், என் விரல் முதல் கணு வரை உள்ளே. செம்மண் போலப் பொடி என் சட்டைக் கையில் கொட்டியது. ஜாக் வைக்கும் இடத்திலிருந்து ஒரு சாண் தூரம்.

எல்லாத் துருவும் தோல்வி இல்லை. சீட் பெல்ட், சஸ்பென்ஷன், ஸ்டியரிங், பிரேக் ஆகியவை உடலோடு பொருந்தும் இடங்களைச் சுற்றி 30 செ.மீட்டருக்குள் இரும்பு வலுவிழந்திருந்தால்தான் தோல்வி. பக்கவாட்டுத் தகட்டில் ஓட்டை விழுந்து கூர்மையாக நீட்டிக்கொண்டிருந்தால் அதையும் எழுதுவார்கள். வெறும் கொப்புளம் என்றால் விட்டுவிடுவார்கள். சோதனைக்காரர் எதையும் கழற்ற மாட்டார், பூச்சை முழுக்க உரித்துப் பார்க்க மாட்டார். விரலால் அழுத்துவார், சின்னக் கருவியால் தட்டுவார் அல்லது லேசாகச் சுரண்டுவார், அவ்வளவுதான். ஆகவே தடிமனாகப் பூச்சு அடித்த வேன் ஒரு வருடம் தப்பிவிடும். விற்பதற்குச் சற்று முன் அடித்த புதுப் பூச்சைக் கண்டால் நான் கட்டைவிரலோடு குனிகிறேன், நீங்களும் குனியுங்கள். சரிசெய்வதென்றால் நல்ல தகடு வைத்து விளிம்பு முழுக்கத் தொடர்ச்சியாக வெல்டிங் செய்ய வேண்டும். ரிவெட் அடித்துத் தைத்ததையும் பட்டி பூசி மூடியதையும் இந்த இடங்களில் ஏற்க மாட்டார்கள்.

நாளும் கராஜும்

எம்ஓடி முடியும் தேதிக்கு ஒரு மாதத்துக்கு ஒரு நாள் குறைவாக முன்கூட்டியே சோதிக்கலாம். அடுத்த வருடத் தேதி மாறாது. அக்டோபர் 20இல் முடிகிறதென்றால் செப்டம்பர் 21 முதல். இந்த முதல் வாரத்திலேயே போய்விடுங்கள். காரணம் கீழே வருகிறது. தோற்றால் பழுதுபார்க்கும் வேலை தங்களுக்கே கிடைக்கும் என்பதால் குறையைத் தேடிப் பிடிக்கிறார்கள் என்று சந்தேகப்படுபவர்களுக்கு ஒரு வழி உண்டு. பல நகராட்சிகள் தங்கள் வண்டிகளுக்காக நடத்தும் சோதனை நிலையங்கள் பொதுமக்களுக்கும் திறந்திருக்கும். அவை வெளியார் வண்டிகளைப் பழுதுபார்ப்பதில்லை.

வேனைக் காலியாக்கிக் கொண்டுபோங்கள். ஒரு சனிக்கிழமை நான் வெங்காய மூட்டைகளோடு போனேன். சோதித்துவிட்டு அப்படியே கடைக்குப் போய்விடலாம் என்று திட்டம். பின் கதவைத் திறந்து பார்த்தவர் தலையை ஆட்டிவிட்டு மூடினார். கட்டாத சரக்கு இருந்தால் மறுக்க அவருக்கு உரிமை உண்டு. அடிப்பக்கம் சேறு அப்பியிருந்தாலும், புகைச் சோதனைக்குப் போதுமான எரிபொருள் இல்லாவிட்டாலும் மறுக்கலாம்.

தோற்றால்

2018 மே 20 முதல் குறைகளைத் தரம் பிரித்து எழுதுகிறார்கள். சிறு குறை, அட்வைசரி இரண்டும் தேர்ச்சியைத் தடுக்காது. பெரிய குறை என்றால் தோல்வி. 'ஆபத்து' என்று எழுதினால் சரிசெய்யும் வரை வேனைச் சாலையில் ஓட்டவே கூடாது; மீறினால் 2,500 பவுண்டு வரை அபராதமும் உரிமத்தில் 3 புள்ளிகளும் விழலாம், ஓட்டத் தடையும் வரலாம். பெரிய குறை மட்டும் என்றால், பழைய எம்ஓடிக்கு இன்னும் நாள் இருந்து வேனும் ஓட்டத்தக்க நிலையில் இருந்தால் வீட்டுக்கு எடுத்துப்போகலாம். முன்கூட்டியே போகச் சொன்னது இதற்காகத்தான். மூன்று வாரம் கையில் இருந்தால் இரண்டு மூன்று இடங்களில் விலை கேட்கலாம். கடைசி நாளில் தோற்றால் அந்த கராஜ் சொன்னதுதான் விலை. எம்ஓடி இல்லாமல் ஓட்டினால் 1,000 பவுண்டு வரை அபராதம். முன்பதிவு செய்த சோதனைக்கும் பழுதுபார்க்கும் இடத்துக்கும் ஓட்டிப்போக மட்டும் விலக்கு உண்டு.

மறுசோதனைக் கணக்கு இப்படி: வேனை அங்கேயே விட்டுப் பழுதுபார்த்து 10 வேலை நாளுக்குள் முடித்தால் கட்டணம் இல்லை. வெளியே எடுத்துப்போய் அடுத்த வேலை நாள் முடிவதற்குள் திரும்பக் கொண்டுவந்தால் பல்பு, டயர், வைப்பர் போன்ற பட்டியலிட்ட குறைகளுக்குக் கட்டணம் இல்லை. 10 வேலை நாளுக்குள் என்றால் பகுதிக் கட்டணம். அதற்குப் பிறகு முழுச் சோதனை, முழுக் கட்டணம். தீர்ப்பே தவறு என்று நினைத்தால் 14 வேலை நாளுக்குள் டிவிஎஸ்ஏவிடம் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் அதுவரை அந்தக் குறையில் கை வைக்கக் கூடாது. சரிசெய்துவிட்டால் பார்ப்பதற்கு எதுவும் இருக்காது.

எங்கள் வேன் போன மாதம் முதல் முயற்சியில் தேறியது. இரண்டு அட்வைசரி: பின் இடது டயர் வரம்பை நெருங்குகிறது, முன் வலது பால் ஜாயின்ட்டில் லேசான ஆட்டம். டயர் அந்த வாரமே மாற்றியாகிவிட்டது. பால் ஜாயின்ட்டுக்கு அண்ணன் அடுத்த செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். வெங்காயத்தை இறக்கிவிட்டுத்தான் போக வேண்டும்.